12 பலகையிலும் வயல்தான்: எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது?

கோரையாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர் நூலகத்தின் உள்சுவர் ஒன்று நீளமாக, வெறுமையாகக் கிடக்கிறது. அதில் மாட்டுவதற்காக 12 பலகைகள் வரைந்துகொண்டிருக்கிறேன். பிளைவுட்டின் மேல் அக்ரிலிக், ஒவ்வொன்றும் 3 அடி அகலம், 2 அடி உயரம். எல்லாவற்றிலும் பொருள் ஒன்றுதான், வயல். மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதில் தொடங்கி, தை மாதம் அறுப்பு முடிந்து வெறும் தாள் நிற்பது வரை ஒரு சம்பாப் பருவம் முழுக்கச் சுவரில் ஓட வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது சிக்கல். பலகைகளை முதலில் வரிசையாகச் சாய்த்து வைத்தபோது, பார்க்க வந்த தோழி "ஒண்ணைப் பார்த்தா போதும், மிச்சம் பதினொண்ணையும் பார்த்த மாதிரிதான் இருக்கு" என்றாள். கீழே பச்சை, மேலே வானம், நடுவில் தென்னை வரிசை, அதுதான் எல்லாவற்றிலும். சரி, வேறுபாடு வேண்டும் என்று ஒன்றில் கொக்குக் கூட்டம், ஒன்றில் கோபுரம், ஒன்றில் டிராக்டர், ஒன்றில் ஆளுக்கொரு நிறப் புடவையில் நடவுப் பெண்கள், ஒரு வானம் ஆரஞ்சு, ஒரு வானம் ஊதா என்று கொண்டுவந்தேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. சேர்த்து வைத்தால் 12 பேர் ஆளுக்கொன்று வரைந்து கொடுத்த மாதிரி சிதறிப் போகிறது.

வடிவமைப்புப் பாடங்களில் வேறுபாடு, ஒருமை இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, இரண்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றனவே, அப்போது எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று நீங்கள் எப்படி முடிவெடுக்கிறீர்கள்? இரண்டு தடவையும் எடுத்த போட்டோக்களை இணைத்திருக்கிறேன்.


கரும்பலகை:

திருவாரூர் பக்கத்தில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். போட்டோக்களை நிதானமாகப் பார்த்தேன். கை நன்றாக ஓடுகிறது, தண்ணீர் பாய்கிற பலகை எனக்கு மிகவும் பிடித்தது.

ஒன்று செய்து பாருங்கள். இரண்டாவது வரிசையின் போட்டோக்களை போனிலேயே கறுப்பு வெள்ளையாக்கி, 12 படங்களையும் சின்னதாக ஒரே திரையில் வையுங்கள். நான் வைத்துப் பார்த்தேன். கொக்கு, கோபுரம், புடவை, ஊதா வானம் எல்லாம் காணாமல் போய், மறுபடியும் உங்கள் முதல் வரிசைதான் தெரிகிறது: நடுவுக்குச் சற்று மேலே ஒரு கோடு, கீழ்ப்பாதி நடுத்தரக் கருமை, மேல்பாதி வெளிச்சம். அதாவது உங்கள் தோழி சொன்னது இன்னும் அப்படியே உள்ளே இருக்கிறது, மேலே நிறங்கள் மட்டும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. வரிசையைக் கட்டிப் பிடிக்க வேண்டிய நிறத்தொகுதியை நீங்கள் ஒவ்வொரு பலகையிலும் மாற்றியிருக்கிறீர்கள். மாற வேண்டிய அமைப்பை, அதாவது பலகையை எந்த இடத்தில் பிரிக்கிறோம், எது பெரிது எது சிறிது, எங்கே இருட்டு எங்கே வெளிச்சம் என்பதை 12 தடவையும் அப்படியே விட்டிருக்கிறீர்கள். சிதறலும் சலிப்பும் ஒரே நேரத்தில் வருவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

வேறுபாடு என்றதும் எல்லோரும் முதலில் நிறத்துக்குப் போகிறோம், இல்லையென்றால் புதுப் பொருள் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறோம். அதற்கு முன்னால் கைவசம் எவ்வளவோ இருக்கிறது. கோட்டின் தடிமன், அது போகும் திசை, புள்ளிகளுக்கு நடுவே விடும் இடைவெளி, விளிம்பு கூர்மையா கரைந்து போகிறதா, பரப்பு வழவழப்பா சொரசொரப்பா, நாம் எவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறோம். வரப்பில் குனிந்து பார்த்தால் வானம்தான் முக்கால் பங்கு. மாடியிலிருந்து பார்த்தால் வானமே வேண்டாம், பலகை முழுக்க வயல்தான். இந்த இரண்டு பலகையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதே நாலு நிறம் போதும்.

ஜப்பானில் ஹொக்குசாய் 1830களின் தொடக்கத்தில் ஃபூஜி மலையை மட்டும் வைத்து ஒரு அச்சுப்பட வரிசை செய்தார். தலைப்பில் 36 காட்சிகள் என்று இருக்கும், ஆனால் மொத்தம் 46 படங்கள். ஒன்றில் மலை செக்கச்செவேலென்று படத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒன்றில் பெரிய அலை எழுந்து நிற்க, அதன் அடியில் சின்ன முக்கோணமாகத் தூரத்தில் தெரிகிறது. ஒன்றில் ஒருவர் பிரம்மாண்டமான மரத்தொட்டி செய்துகொண்டிருக்கிறார், அடிப்பலகை இன்னும் போடாத அந்தத் தொட்டியின் வட்டத்துக்குள் துளியூண்டு ஃபூஜி. மலை ஒன்றுதான், அது படத்தில் எடுத்துக்கொள்ளும் இடம்தான் மாறுகிறது. பிரஷ்யன் நீலம் என்ற அப்போதைய புது நீலம் படத்துக்குப் படம் வந்து வரிசையைப் பிடித்துக்கொள்கிறது.

பிரெஞ்சு ஓவியர் மோனே நேர் எதிரான வழியில் போனவர். 1890-91இல் அவர் வரைந்த கதிர்ப்போர் வரிசையில் 25 படங்கள் போல இருக்கின்றன. ஒன்றோ இரண்டோ போர், பின்னால் ஒரு மரவரிசை, கிட்டத்தட்ட ஒரே அமைப்பு. மாறுவது வெளிச்சமும் பனியும் பொழுதும்தான். அங்கே அமைப்பு பிடிக்கிறது, நிறம் ஓடுகிறது.

இரண்டு வழியும் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது, ஆனால் ஒரு வரிசைக்குள் இரண்டையும் கலக்க வேண்டாம். நூலகச் சுவருக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன், ஏனென்றால் வாசலில் நுழைகிறவர் அதைத் தூரத்திலிருந்து பார்ப்பார். தூரத்தில் முதலில் தெரிவது கருமையும் வெளிச்சமும்தான்.


ஒடியோலை:

அக்கா, நான் சுவாமிமலை. வீட்டில் அப்பா, பெரியப்பா எல்லோரும் விக்ரக வேலை, நானும் மெழுகு வேலை பார்க்கிறேன். டீச்சர் சொன்னதோடு எனக்குத் தெரிந்ததைச் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்களுக்கு அளவு மாறவே மாறாது. என்ன உயரத்துக்குச் சிலை வேண்டுமோ அந்த நீளத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துப் பிரித்துக்கொள்வோம், அதற்குப் பேர் ஒடியோலை. உத்தம தசதாலம் என்ற அளவுமுறை என்றால் மொத்த உயரம் 124 அங்குலம், அம்மனுக்கு மத்திம தசதாலம், 120. (இந்த அங்குலம் கடை ஸ்கேலில் இருக்கும் இன்ச் இல்லை, அந்தச் சிலையின் உயரத்தையே பிரித்து வருவது.) முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, முழங்கால் வரை இவ்வளவு என்று எல்லாம் அந்த ஓலைக்குள் இருக்கிறது. இவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் எல்லாச் சிலையும் ஒரே மாதிரிதானே வரும் என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். வருவதில்லை. மெழுகு உருவத்தின் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்து, அந்த இடத்தில் உலோகம் ஊற்றி, கடைசியில் மண்ணை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்கிறோம், அந்தக் கூடு இன்னொரு வார்ப்புக்கு உதவாது, அடுத்த சிலைக்கு மறுபடியும் மெழுகிலிருந்து கையால்தான் தொடங்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது, ஒரு சிலைக்குள்ளேயே இருக்கிற வேறுபாடு. நடராஜரின் இரண்டு காதையும் பாருங்கள். வலது காதில் மகர குண்டலம், இடது காதில் தோடு, இரண்டும் ஒன்றில்லை. வலது கால் அடியில் கிடக்கும் முயலகன் மேல் அழுந்தி நிற்கிறது, இடது கால் குறுக்கே தூக்கி நிற்கிறது. மேல் கை இரண்டில் ஒன்றில் உடுக்கை, ஒன்றில் தீ. இடமும் வலமும் ஒன்றுக்கொன்று வேறு, ஆனால் நடுவில் நூல் விட்டுப் பார்த்தால் எடை சரியாக நிற்கிறது. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் இருக்கிறார், 1011ஆம் ஆண்டுச் சிலை. ஒரு கால் மேல் ஒரு கால் மாற்றி, இடுப்பை ஒடித்து, ஒரு கையை மாட்டின் மேல் போட்டிருக்கிற மாதிரி நிற்கிறார், மாடு அங்கே இல்லை. அந்தக் கை வெறும் காற்றின் மேல் கிடப்பதைப் பார்த்தால் மாடு எவ்வளவு உயரம் என்றுகூடத் தெரிந்துவிடும். உடம்பின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருக்கிறது, எதுவும் பிசகவில்லை, ஏனென்றால் அளவு அடியில் இருக்கிறது.

உங்கள் பலகைக்கு இதை அப்படியே செய்யலாம். பலகையின் உயரத்துக்கு ஒரு ஓலையோ காகிதமோ வெட்டி எட்டாக மடியுங்கள். அடிவானக் கோட்டை ஒவ்வொரு பலகையிலும் மாற்றுங்கள், ஆனால் மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் வையுங்கள். ஒன்றில் கீழிருந்து இரண்டாம் மடிப்பு, ஒன்றில் ஏழாம் மடிப்பு. வாய்க்கால் அகலம், வரப்பு அகலம் எல்லாமே அந்த மடிப்பின் பாதி, கால் என்று வரட்டும். பார்க்கிறவருக்குக் கணக்கு தெரியாது, ஆனால் 12 பலகையும் ஒரே கை என்பது தெரியும்.


வடுவூர்க்காரன்:

நான் மாறுபடுகிறேன். உங்கள் முதல் வரிசைதான் நல்ல வரிசை.

மன்னார்குடியிலிருந்து வடுவூர் வரும் சாலையில் கார்த்திகை மாதம் நின்று பாருங்கள், ரெண்டு பக்கமும் பச்சைதான், வேறொன்றும் கிடையாது, அந்த ஒரே மாதிரி நீண்டுகொண்டே போவதில்தான் இந்த மண்ணின் பெருமையே இருக்கிறது. அதில் கொக்கையும் கோபுரத்தையும் தேடுவது வெளியூர்க்காரர் கண். அலுத்துவிடுமோ என்ற பயத்தில் வேறுபாட்டைக் கொண்டுவந்து நிரப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தஞ்சைப் பெரிய கோயில் விமானச் சுவரில் இரண்டு வரிசை மாடங்கள் இருக்கின்றன. கீழ் வரிசையில் சிவன் பல கோலங்களில் நிற்கிறார், பிச்சாடனர், கங்காதரர், அர்த்தநாரி என்று. மேல் வரிசைக்குப் போனால் வில்லோடு நிற்கும் திரிபுராந்தகர்தான், திரும்பத் திரும்ப, மாடத்துக்கு மாடம் அவரேதான். ராஜராஜனுக்கு வேறு வடிவம் தெரியாமலா, சிற்பி கிடைக்காமலா? அந்தத் திரும்பச் சொல்லுதல் வேண்டுமென்றே செய்தது. போர் வென்றவன் கட்டிய கோயிலில் வென்ற தெய்வம் நான்கு பக்கமும் நிற்கிறது. கீழ் வரிசையைப் போலவே மேலும் பல கோலம் வைத்திருந்தால் அந்த பலம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஆகவே 12 பலகையும் ஒன்றுபோல இருக்கட்டும். தோழி சொன்னதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.


இடைப்புள்ளி:

மயிலாடுதுறையிலிருந்து. எனக்குப் படம் வரையத் தெரியாது, கோலம் தெரியும்.

மார்கழியில் ஒரு தெரு முழுக்க வீட்டுக்கு ஒரு கோலம் இருக்கும். ஒரு வீட்டில் சிக்குக் கோலம், அடுத்த வீட்டில் தாமரை, அதற்கடுத்த வீட்டில் தேர். யாரும் யாரோடும் பேசி வைத்துப் போடுவதில்லை, ஆனாலும் தெரு ஒன்றாகத்தான் தெரியும். சாணி தெளித்த கறுப்புத் தரை, வெள்ளை மாவு, இந்த இரண்டும் எல்லா வாசலிலும் பொது. பொங்கலுக்குக் கலர்ப் பொடி வந்ததும் அதே தெருவில் அந்த ஒற்றுமை போய்விடும், ஒவ்வொரு வாசலும் தனித்தனியாகக் கூப்பிடும். கலர்க் கோலம் தப்பு என்று சொல்லவில்லை, எனக்கும் அதில் ஆசை உண்டு, தெருவாகப் பார்க்கும்போது சொல்கிறேன்.

சிக்குக் கோலத்தில் இன்னொன்று. 7 புள்ளியில் தொடங்கி இடைப்புள்ளியாக 4 வரை வைத்தால் எங்கள் வீட்டில் அம்மா போடுவது ஒன்று, நான் போடுவது ஒன்று, என் பெண் போடுவது ஒன்று. புள்ளி அதேதான், கம்பி போகிற வழிதான் வேறே. புள்ளியையும் மாற்றி, கம்பியையும் மாற்றி, நடுவில் பூவும் வைத்தால் பார்க்கிறவருக்கு எதைப் பிடித்துக்கொண்டு போவது என்று தெரியாது. தங்கச்சி, உங்கள் பலகைக்கு அந்தக் கறுப்புத் தரை எது என்று முதலில் யோசியுங்கள். எல்லாப் பலகைக்கும் அடியில் ஒரே நிறம் பூசிவிட்டு, அது அங்கங்கே எட்டிப் பார்க்கிற மாதிரி விட்டு மேலே வரைந்தால் என்ன?


கோரையாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன கறுப்பு வெள்ளைச் சோதனையை உடனே செய்தேன், அப்படியேதான் இருக்கிறது. அடிநிறம் பூசுவது நல்ல யோசனை, அக்கா. வண்டல் நிறம் இருக்கிறதே, நம் ஊரில் உழுது காய்ந்த வயலின் அந்தச் சாம்பல் கலந்த பழுப்பு, அதைப் பூசலாம் என்று நினைக்கிறேன். இருப்பது பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன், கொஞ்சம் வெள்ளை, கலந்தால் வந்துவிடும்.

வடுவூர் அண்ணன் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நானும் அந்தச் சாலையில் நின்றவள்தான். ஆனால் அண்ணே, சாலையில் நிற்கும்போது பச்சை நம்மைச் சுற்றி நாலு பக்கமும் இருக்கிறது, காற்று இருக்கிறது, சேற்று வாசனை இருக்கிறது. 3 அடிப் பலகையில் அதெல்லாம் இல்லையே. நூலகத்துக்கு வருகிற பிள்ளைகள் பாதிப் பேருக்கு மேல் வயலில் இறங்கியதே இல்லை, ஒரே மாதிரிப் படம் 12 இருந்தால் முதலாவதோடு நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் கடைசிப் பலகை வரை நடந்து போக வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.


வடுவூர்க்காரன்:

சரி தங்கச்சி, பிள்ளைகளுக்கு என்றால் கேட்கிறேன். ஆனால் வேறுபாட்டை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம், வயலுக்குள்ளேயே கிடக்கிறது. விவசாயியாகச் சொல்கிறேன், நீங்கள் வரைந்திருப்பது 12 தடவையும் கார்த்திகை மாதத்து வயல்.

நாற்றங்காலைத் தனியாகப் பாருங்கள். அது சின்ன இடம், நெருக்கம், அந்தப் பச்சையில் மஞ்சள் அதிகம், வரிசை என்று எதுவும் கிடையாது. சேறடித்துப் பரம்புப் பலகை ஓட்டிச் சமன் செய்த வயலில் பச்சையே இல்லை, வானம் முழுக்கக் கீழே விழுந்து கிடக்கும், எது மேல் எது கீழ் என்று தெரியாது. அந்தப் பலகைக்கு உங்கள் அடிவானம்கூட வேண்டாம், ஒரு வரப்பு மட்டும் குறுக்கே போனால் போதும். நடவு முடிந்த அன்று நாற்று துவண்டு, வெளுத்து, தண்ணீருக்குள் புள்ளி புள்ளியாக நிற்கும். வேர் பிடித்துப் பச்சை திரும்பினதும் அந்தப் புள்ளிகள் கோடாகும். தூர் கட்டின பிறகு கோடும் தெரியாது, தண்ணீரும் தெரியாது, ஒரே பரப்பு. அங்கேதான் நான் முதலில் சொன்ன அந்தப் பச்சை, அதற்கு ஒரு பலகையோ ரெண்டோ கொடுங்கள், அதில் கொக்குகூட வேண்டாம்.

ஐப்பசியில் அடைமழை பிடித்து வடிகால் எடுக்காவிட்டால் நுனி மட்டும் தெரியும், வயலும் வாய்க்காலும் ஒன்றாகக் கிடக்கும். அப்புறம் கதிர் வருகிறது. பால் பிடிக்கும்போது கதிர் நேராக நிமிர்ந்து நிற்கும், முற்ற முற்றத் தலை சாயும். உங்கள் தூரிகை போகிற திசையே அங்கே மாற வேண்டும், நேர்க்கோடு எல்லாம் வளைவாகும். காற்றடித்துச் சாய்ந்த பயிர் என்றால் வட்டம் வட்டமாகப் படுத்துக் கிடக்கும். மார்கழிப் பனியில் விடிகாலை வயலுக்கு விளிம்பே கிடையாது, டீச்சர் சொன்னாரே கரைந்து போகும் விளிம்பு என்று, அது இதுதான்.

அறுவடையைக் கத்தி அரிவாளோடு வரைய வேண்டாம், இப்போது பெல்ட் வைத்த அறுவடை வண்டிதான் வருகிறது. அது போன தடம் ஈர வயலில் இரண்டு இரண்டாக ஓடும், அது ஒரு கோடு. வைக்கோல் கட்டும் மிஷின் வந்து போனால் உருளை உருளையாகக் கட்டு கிடக்கும், வரிசை முழுக்க அதுவரை வராத வட்டம் அங்கே வரும். கடைசியாகத் தாள் நிற்கிற வயல் என்று எழுதியிருந்தீர்கள். அதோடு முடிக்காதீர்கள். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளித்துவிடுவோம், அறுத்து முடிந்து பார்த்தால் மஞ்சள் தாளுக்கு நடுவே சின்னச் சின்னதாகப் பச்சை முளைத்திருக்கும். அதுதான் டெல்டா.


மல்லாரி:

நாகசுரம் வாசிக்கிற குடும்பம். ஓவியம் பற்றிப் பேசத் தகுதி இருக்கிறதா தெரியாது, வரிசையை அடுக்குவது பற்றி ஒன்று சொல்லத் தோன்றியது.

சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்போம், கம்பீர நாட்டையில். அதில் சாகித்தியம் கிடையாது. அதே உருவைக் கீழ்க்காலத்தில் வாசித்து, மேல்காலத்துக்குப் போய், திஸ்ரம் பண்ணி, அதாவது மும்மூன்றாகப் பிரித்து வாசிப்போம். ஸ்வரம் அதேதான், அது உட்காருகிற இடைவெளி மாறும்போதே ஆள் நிமிர்ந்துவிடுவார்கள். கீர்த்தனையில் சங்கதி போடுவதும் இதே கதைதான். பல்லவி வரியை முதலில் நேராக, அலங்காரம் இல்லாமல் வாசிக்க வேண்டும். கேட்கிறவர் மனதில் அது உட்கார்ந்த பிறகு ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் மாற்றுவது, அடுத்த சங்கதியில் இன்னும் கொஞ்சம். தொடக்கத்திலேயே பெரிய சங்கதியை வாசித்தால் அது எதன் சங்கதி என்று யாருக்கும் தெரியாது.

எனவே வடுவூர் அண்ணன் சொன்ன ஒரே மாதிரியும் வேண்டும், டீச்சர் சொன்ன மாற்றமும் வேண்டும், ஆனால் இந்த முறையில்: முதல் மூன்று பலகைகள் கிட்டத்தட்ட ஒரே அமைப்பில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு "இதுதான் வயல், இதுதான் வாய்க்கால்" என்று பதியட்டும். நாலாவதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெரிய மாற்றத்தை எட்டிலோ ஒன்பதிலோ வையுங்கள், அதற்குப் பிறகு ஒரு பலகையில் பழைய அமைப்புக்குத் திரும்பி வாருங்கள். பெரிய சங்கதி முடிந்ததும் பல்லவியின் முதல் எடுப்புக்கு வந்து உட்கார்ந்தால்தான் நாங்களே மூச்சு விடுவோம்.


கரும்பலகை:

மல்லாரி சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. நான் 12 பலகையையும் ஒன்றாகத் திரையில் வைத்துப் பார்த்தேன், ஆனால் அந்தச் சுவரின் முன்னால் ஆள் நடந்து போகப் போகிறார், ஒன்றன் பின் ஒன்றாகத்தான் பார்ப்பார். அப்படியானால் நான் முதலில் சொன்ன மாடிப் பார்வைப் பலகையை வரிசையின் தொடக்கத்தில் வைக்கக் கூடாது, பிந்தித்தான் வர வேண்டும்.

வடுவூர் சாருக்கு ஒரு பதில் மட்டும். அதே பெரிய கோயில் விமானத்தின் மேல் தளச் சுற்றில் கரணச் சிற்பங்கள், அதாவது நடன நிலைகளின் சிற்பங்கள் இருக்கின்றன. பார்க்க எல்லோரையும் மேலே விடுவதில்லை, புத்தகங்களில் படம் கிடைக்கும். நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களில் 81 செதுக்கியிருக்கிறார்கள், மீதி 27க்குக் கல் வெறுமையாகவே நிற்கிறது. எல்லாவற்றிலும் ஆடுவது ஒரே நாலு கைச் சிவன், கல்லின் அளவும் ஏறத்தாழ ஒன்றுதான், மாறுவது காலும் கையும் உடம்பின் வளைவும் மட்டும். ஒரே கோயிலுக்குள் திரிபுராந்தகர் வரிசையும் இருக்கிறது, கரண வரிசையும் இருக்கிறது. அங்கே வெற்றியைச் சொல்ல வேண்டியிருந்தது, திரும்பச் சொன்னார்கள். இங்கே அசைவைக் காட்ட வேண்டியிருந்தது, ஒவ்வொன்றிலும் ஒன்றை நகர்த்தினார்கள். என்ன சொல்ல வருகிறோம் என்பதுதான் முடிவு செய்கிறது. கோரையாற்றங்கரை சொல்ல வருவது ஒரு பருவம் நகர்வதை, அதனால் அவருக்குக் கரணத்தின் வழிதான் பொருந்தும் என்று இன்னும் நினைக்கிறேன்.

தாராசுரத்துக்குப் போகிற வாய்ப்பு இருந்தால் கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் ஓடும் நாயன்மார் கதைகளைப் பாருங்கள். சின்னச் சின்னக் கல் சட்டங்கள், குனிந்துதான் பார்க்க வேண்டும். ஒன்றில் ஆள் நிறைய, ஒன்றில் ஒரே ஆள், ஒன்றில் மரமும் குளமும். அந்தச் சட்டத்தின் உயரம் மட்டும் மாறாமல் ஓடுவதால் கண் தடுக்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஒடியோலை தம்பி சொன்ன எட்டு மடிப்பும் அதே வேலையைத்தான் செய்யும்.

டியூபில் வருகிற பச்சையைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள். லெமன் மஞ்சள், யெல்லோ ஓக்கர், அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா, வெள்ளை போதும். நாற்றங்காலுக்கு மஞ்சள் தூக்கலாக, தூர் கட்டின வயலுக்கு நீலம் தூக்கலாக, முற்றின வயலுக்கு ஓக்கரோடு சியன்னா. எல்லாப் பச்சையும் ஒரே ஐந்து நிறத்திலிருந்து பிறந்தால் அவை எவ்வளவு விலகினாலும் உறவு விடாது.


கோரையாற்றங்கரை:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கோபுரமும் ஊதா வானமும் போகின்றன. கொக்கை மட்டும் சேறடித்த வயலில் விட்டுவைக்கிறேன், உழும்போது அது டிராக்டருக்குப் பின்னாலேயே வருவது உண்மை, அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

இப்படி அடுக்கியிருக்கிறேன். முதல் மூன்றிலும் அடிவானம் ஐந்தாம் மடிப்பில், வாய்க்கால் இடது பக்கம்: வறண்ட வயல், தண்ணீர் வருவது, நாற்றங்கால். நாலாவது சேறு, அதில் வானம் கீழே. ஐந்து நடவுப் புள்ளி, ஆறு கோடு, ஏழு வெறும் பச்சை, அடிவானம் எட்டாம் மடிப்பில், அதாவது பலகையின் மேல் விளிம்பிலேயே. எட்டு மழைத்தண்ணீர். ஒன்பது பால் பிடித்த கதிர், வரப்பில் குனிந்து பார்க்கிற மாதிரி, அடிவானம் ஒன்றாம் மடிப்பில், கதிர்கள் வானத்துக்கு எதிரே இருட்டாக. பத்தாவது பனி, அதில் முதல் மூன்று பலகையின் அமைப்புக்கே திரும்பி வருகிறேன். பதினொன்று பெல்ட் வண்டித் தடமும் வைக்கோல் உருளையும், மாடியிலிருந்து பார்த்தது. பன்னிரண்டு உளுந்து முளை.

எட்டாவது பலகைதான் இன்னும் தீரவில்லை. தண்ணீர் மூடிய வயலும் நாலாவது பலகையின் சேற்று வயலும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகின்றன, இரண்டிலும் வானம்தான் தரையில் கிடக்கிறது. அண்ணே, பார்க்கும்போது இரண்டுக்கும் என்ன வித்தியாசம் இருக்கும்?


வடுவூர்க்காரன்:

நாலாவதில் தண்ணீர் கலங்கல், ஆனால் அசையாது, வரப்பு வெட்டின மாதிரி கூராக நிற்கும், வானம் வெளிச்சமாக இருக்கும். எட்டாவதில் வரப்பு பல இடத்தில் முழுகிப் போய் விட்டு விட்டுத் தெரியும், தண்ணீர் மடையை நோக்கி ஒரு பக்கமாக இழுக்கும், பயிர் நுனி எல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும், வானம் கறுத்துக் கிடப்பதால் தண்ணீரும் கறுப்பு. அதில் ஒரு ஆள் மண்வெட்டியோடு வடிகால் வெட்டிக்கொண்டு நிற்கட்டும். 12 பலகையில் மனிதர் அந்த ஒரு இடத்தில் மட்டும் வந்தால் போதும் என்று நினைக்கிறேன், நடவுப் பெண்களைக்கூட எடுத்துவிடலாம்.


இடைப்புள்ளி:

நடவுப் பெண்களை எடுக்காதீர்கள். புடவை நிறத்தை மட்டும் அந்த ஐந்து நிறத்துக்குள் கொண்டுவாருங்கள். நட்டது அவர்கள்தான்.


கோரையாற்றங்கரை:

எடுக்க மாட்டேன் அக்கா. ஐந்தாவது பலகையில் ஒரே வரிசையாகக் குனிந்து நிற்கட்டும், எட்டாவதில் அந்த ஒரு ஆள். அடிநிறம் இன்று பூசிவிட்டேன், காய்ந்ததும் முதல் மூன்றையும் சேர்த்து வைத்துத் தொடங்கப் போகிறேன்.